கடன் வாங்காதவனுக்குக் கடன் கிடையாது

போன வாரம் ஒரு வீட்டு விருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "உங்களுக்கென்ன சார், கோவிட் சமயத்துல கவர்மெண்டே சம்பளம் கொடுத்துச்சு. பேருக்குத்தான் கடன், திருப்பிக் கட்டவே வேண்டாம்." அவர் ஐடியில் இருப்பவர். அந்த இரண்டு வருஷமும் வீட்டில் உட்கார்ந்தே ஒரு மாதச் சம்பளம்கூட விடாமல் வாங்கியவர். பாயசம் நன்றாக இருந்தது, கெடுக்க மனசு வரவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நியூஜெர்சி எடிசனில் எனக்கு ஒரு சின்ன டிபன் கடை. 2020 மார்ச் 16 இரவு எட்டு மணியோடு உட்கார்ந்து சாப்பிடுவதை மாநில அரசு நிறுத்தியது. இனி பார்சல் மட்டும். நெய் ரோஸ்ட்டைப் பார்சலில் கொண்டுபோய்ப் பாருங்கள், வீட்டு வாசலை மிதிப்பதற்குள் துவண்டுபோயிருக்கும். வியாபாரம் கால்வாசியானது. ஆறு பேருக்கும் சேர்த்து மாதச் சம்பளம் 14,000 டாலர், வாடகை 6,500.

மார்ச் 27-இல் நிவாரணச் சட்டம் கையெழுத்தானது. அதில்தான் பிபிபி வந்தது, ஊழியர் சம்பளத்தைக் காப்பாற்றச் சின்ன நிறுவனங்களுக்குக் கடன் கொடுக்கும் திட்டம். ஒரு மாதச் சம்பளச் செலவைப் போல இரண்டரை மடங்கு கடன், 1 சதவீத வட்டி, பெரும்பகுதியைச் சம்பளமாகவே கொடுத்துவிட்டால் தள்ளுபடி. என் கடைக்குக் கணக்குப் போட்டால் 35,000 டாலர். ஏப்ரல் 3-ஆம் தேதி வங்கிகள் வழியாக விண்ணப்பங்கள் தொடங்கின. அன்று காலையிலேயே, பதினோரு வருஷமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியை அழைத்தேன். ஏற்கெனவே எங்களிடம் கடன் வைத்திருப்பவர்களுக்கு முதலில் என்றார்கள். "உங்க பேர்ல இங்க லோன் எதுவும் இல்லையே சார்?"

இல்லைதான். கடன் உடன் வாங்காமல் கடை நடத்துகிறேன் என்று ஊரெல்லாம் பெருமை பேசியவன் நான். அந்தப் பெருமை அன்றைக்கு வரிசையில் கடைசியில் கொண்டுபோய் நிறுத்தியது.

ஏப்ரல் 16-ஆம் தேதி, ஒதுக்கிய 34,900 கோடி டாலரும் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, ஷேக் ஷாக் பர்கர் நிறுவனத்துக்கு 1 கோடி டாலர், லேக்கர்ஸ் கூடைப்பந்து அணிக்கு 46 லட்சம் போயிருக்கிறது என்று. இரண்டு பேருமே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. உணவகமாக இருந்தால் ஒவ்வொரு கிளையிலும் 500 பேருக்கு மேல் இல்லாவிட்டால் போதும் என்று சட்டமே சொல்லியிருந்தது. எத்தனை கிளை என்று யாரும் கேட்கவில்லை.

வங்கிக்கு அரசு கொடுத்த கமிஷனையும் பாருங்கள். மூன்றரை லட்சம் டாலர் வரையான கடனுக்கு 5 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம். சின்னவனுக்குச் சாதகம் போலத் தெரியும். ஆனால் என் கடனில் வங்கிக்கு 1,750 டாலர்; 1 கோடி டாலர் கடனில் ஒரு லட்சம். விண்ணப்பப் படிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். மேசைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தாலும் எந்த ஃபைலை முதலில் எடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏப்ரல் 27-இல் இன்னொரு 31,000 கோடியோடு மறுபடி திறந்தார்கள். என் கணக்காளர் (சிபிஏ) சொன்னபடி பக்கத்து ஊர் சின்ன வங்கி ஒன்றில் கொடுத்தேன். மே முதல் வாரம் பணம் வந்தது. நிம்மதி ஒரே ஒரு நாள்தான்.

பணம் கைக்கு வந்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் செலவழிக்க வேண்டும், அதில் 75 சதவீதம் சம்பளமாக. கொடுத்தது இரண்டரை மாதச் சம்பளம், கெடு இரண்டு மாதத்துக்கும் குறைவு. என் 35,000-இல் 75 சதவீதம் 26,250. ஆறு பேருக்கும் எட்டு வாரமும் முழுச் சம்பளம் கொடுத்தாலும் 26,000-ஐத் தொடாது! இத்தனைக்கும் கடையில் உட்கார ஆள் கிடையாது. வேலை இல்லாத கடைக்கு ஆட்களைக் கூப்பிட்டுச் சம்பளம் கொடு, வாடகைக்கு மிச்சத்தில் பார்த்துக்கொள் என்பதுதான் ஏற்பாடு. இரண்டு மாத வாடகையே 13,000.

தோசைக்கல்லில் நிற்கும் தம்பியைக் கூப்பிட்டேன். வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையோடு வாரம் 600 டாலர் கூடுதலாக அவனுக்கு வந்துகொண்டிருந்தது. "அண்ணே, தப்பா நினைக்காதீங்க, நான் வந்தா எனக்குத்தான் நஷ்டம்" என்றான். அவன் சொன்ன கணக்கில் பிழை இல்லை. ஒரு கையால் அவனை வீட்டில் இருக்கச் சொன்னதும், இன்னொரு கையால் அவனைக் கூப்பிட எனக்குப் பணம் கொடுத்ததும் ஒரே அரசு, ஒரே சட்டம். வந்த மூன்று பேரை வைத்துச் சுவருக்குப் பெயின்ட் அடித்தேன். அப்படி ஒரு பளிச்சென்ற கடையை எடிசனில் யாரும் பார்த்திருக்க முடியாது, பார்க்க யாரும் வரவும் இல்லை.

ஜூன் 5-இல் விதியை மாற்றினார்கள். 24 வாரம், 60 சதவீதம். சரி, மாற்றினார்களே. ஆனால் பயந்து பயந்து செலவழித்த பணம் போனது போனதுதான். தள்ளுபடிப் படிவம் முதலில் 11 பக்கம். 50,000 வரையான கடன்களுக்கு எளிய படிவம் அக்டோபரில்தான் வந்தது. எனக்குத் தள்ளுபடி ஆனது அடுத்த வருஷம்.

உதவவே இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தப் பணம் இல்லாவிட்டால் கடை ஜூலையைப் பார்த்திருக்காது. விருந்தில் பேசியவரின் எரிச்சலிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. இந்தப் பணத்தில் லம்போர்கினி வாங்கி ஜெயிலுக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். வேலை போயிருக்கக்கூடியவர்கள் கைக்குப் போனது மொத்தத்தில் ஏறத்தாழ கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் என்று பொருளாதார அறிஞர்கள் பின்னால் கணக்குப் போட்டார்கள். என் கேள்வி வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை 941 படிவத்தில் எத்தனை பேருக்கு எவ்வளவு சம்பளம் கொடுத்தேன் என்று வரித் துறைக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு நாள் தாமதமானால் அபராதம் போடத் தெரிந்த அரசுக்கு, அதே வழியில் பணம் அனுப்பத் தெரியாதா? பிரிட்டனில் வரித் துறை வழியாகத்தான் 80 சதவீதச் சம்பளத்தை, மாதம் 2,500 பவுண்டு வரை, முதலாளிகளுக்குக் கொடுத்தார்கள். இங்கே நடுவில் வங்கியை நிறுத்தினார்கள். அப்புறம் வங்கிக்கு யாரைத் தெரியும் என்பதுதான் தகுதியாகிப்போனது.

அந்தப் பழைய வங்கியில் இப்போது எனக்கு ஒரு சின்னக் கடன் ஓடிக்கொண்டிருக்கிறது. கடைக்கு அந்தப் பணம் தேவையில்லை. மாதா மாதம் வட்டி கட்டுகிறேன். மனைவிக்கு மட்டும்தான் தெரியும், இன்றைக்கு உங்களுக்கும்.