அருகம்புல் சாறு ஆன்டிபயாடிக்குக்கு ஈடாகுமா?

"அருகம்புல் கிருமிகளைக் கொல்வது ஆய்வகத்தில் நிரூபணம், இனி ஆன்டிபயாடிக் வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு.

அந்தச் சோதனை இதுதான்: கிருமி தடவிய அகார் (கிருமி வளர்க்கும் ஜெல்லி) தட்டில் 6 மி.மீ. குழி வெட்டி, எத்தனாலில் (ஆல்கஹால்) ஊறவைத்து வடித்துச் சுண்டவைத்த புல் சாரத்தை ஊற்றி, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வைத்து, கிருமி வளராத வளையத்தை அளப்பார்கள். கரைப்பானான எத்தனாலை மட்டும் ஊற்றிய குழி பக்கத்தில் இல்லையென்றால், கொன்றது புல்லா எத்தனாலா என்றே தெரியாது. அளவையும் பாருங்கள். ஒப்பீட்டுக்கு வைக்கும் ஜென்டாமைசின் (ஓர் ஆன்டிபயாடிக்) தோய்ந்த காகித வில்லையில் 10 மைக்ரோகிராம்தான். குழியில் சாரமோ பெரும்பாலும் மில்லிகிராம் கணக்கு, நூறு மடங்குக்கும் மேல். வயிற்றுக்குள் போகும் சாறு அந்தச் செறிவில் ரத்தத்தில் சேராது.

வீட்டு மிக்ஸியில் கிடைப்பது தண்ணீர்ச் சாறு, எத்தனால் சாரமே அல்ல. சாலையோரப் புல்லென்றால் கிருமி அதிலேயே இருக்கும்.