டெட்லைனுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் இருந்தது

போன வாரம் ஆபீஸில் 'டைம் மேனேஜ்மென்ட்' ட்ரெய்னிங். மூன்றாவது ஸ்லைடில் பட்டையாக ஒரு சிவப்புக் கோடு. ட்ரெய்னர் அதைக் காட்டி, "டெட்லைன்ங்கற வார்த்தை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? அமெரிக்காவுல ஒரு ஜெயில். கோட்டைத் தாண்டினா சுட்டுடுவாங்க. அந்த சீரியஸ்னெஸ் நமக்கும் வரணும்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான். பழக்க தோஷம்.

வீட்டுக்கு வந்த பிறகும் உறுத்திக்கொண்டே இருந்தது. வார்த்தைகளுக்குச் சொல்லப்படும் இந்த மாதிரிப் பூர்வகதைகளில் முக்கால்வாசி வாட்ஸப் சரக்கு. இது அப்படி இல்லை, நிஜமாகவே நடந்தது. அதை அரைகுறையாகச் சொல்லி ஆபீஸ்காரர்களை மிரட்டப் பயன்படுத்தினால் எரிச்சல் வராதா?

அமெரிக்காவின் வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிக்கொண்ட உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1864. ஜார்ஜியா மாநிலத்தில் ஆண்டர்சன்வில் என்ற ஊரில் தெற்குப் படை ஒரு போர்க்கைதிகள் முகாம் திறந்தது. கூரை கிடையாது, கட்டடம் கிடையாது. மரத்தூண்களை நெருக்கமாக நட்டு எழுப்பிய உயரமான வேலிக்குள் வெறும் பொட்டல். 10,000 பேருக்கென்று போட்ட இடத்தில் ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் இருந்தார்கள். வேலியிலிருந்து கிட்டத்தட்ட 19 அடி உள்ளே, சின்னச் சின்னக் கம்புகளை நட்டு, மேலே குறுக்குச் சட்டம் அடித்து ஒரு தடுப்பு. தாண்ட வேண்டுமென்றால் யாரும் தாண்டிவிடலாம். இதுதான் டெட்லைன். கையோ காலோ அதற்கு அந்தப் பக்கம் போனால், வேலி மேல் பரணில் நிற்கும் காவலாளி சுடலாம். அந்தப் பரணுக்குக் கைதிகள் வைத்திருந்த பெயர் புறாக்கூண்டு.

சரி, சுடுவார்கள் என்று தெரிந்தும் ஏன் கை நீட்டினார்கள்? ட்ரெய்னர் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

முகாமின் நடுவே ஒரு ஓடை ஓடியது. குடிக்க, குளிக்க, கழிக்க எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் அதுதான். காவலர்களின் குடியிருப்பும் சமையல்கூடமும் மேல்பக்கம் இருந்ததால், அவர்களுடைய கழிவு கலந்துதான் தண்ணீர் உள்ளேயே வரும். அதிலும் கொஞ்சம் தெளிந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஓடை உள்ளே நுழையும் இடத்துக்குப் போக வேண்டும். டெட்லைன் அந்த இடத்தையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. தடுப்புக்கு அடியில் குவளையை நீட்டி நாலு விரல்கடை தள்ளி மொண்டவர்கள் சுடப்பட்டார்கள். சோம்பேறிகள் இல்லை சார் அவர்கள், தாகத்தில் இருந்தவர்கள்.

அங்கே அடைபட்ட சுமார் 45,000 பேரில் ஏறத்தாழ 13,000 பேர் செத்தார்கள். குண்டில் போனவர்கள் கொஞ்சம்தான். பேதியும் ஸ்கர்வி என்ற சத்துக்குறைவு நோயும் பட்டினியும் கொண்டுபோனதுதான் மிச்சமெல்லாம். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தவர்கள்! முகாமை நடத்திய ஹென்றி விர்ஸை 1865 நவம்பர் 10 அன்று வாஷிங்டனில் தூக்கில் போட்டார்கள். வடக்குப் படையின் முகாம்களிலும் இதே கோடு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்காக யாரும் தூக்கில் தொங்கியதாகத் தெரியவில்லை.

அதற்கப்புறம் இந்தச் சொல் அச்சகத்துக்குள்ளும் வந்தது. அச்சு எந்திரத்தில் எழுத்து கோத்து வைக்கும் இடத்தில் ஒரு கோடு உண்டு, அதைத் தாண்டி வைத்த எழுத்து தாளில் சரியாக விழாது. அதற்கும் டெட்லைன் என்றே பெயர். 1920 வாக்கில் அமெரிக்கப் பத்திரிகை ஆபீஸ்களில் செய்தி வந்து சேரவேண்டிய நேரத்தை அப்படிச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தரையில் கிடந்த கோடு கடிகாரத்துக்கு ஏறியது இப்படித்தான் இருக்க வேண்டும். இன்றைக்கு எல்.கே.ஜி. பிள்ளையின் பாட்டுப் போட்டிக்குக்கூட டெட்லைன் வைக்கிறார்கள்.

நம் கோர்ட்டில் புழங்கும் வாய்தா நேர் எதிர்த் திசையில் போன சொல். அரபியில் அதன் மூலத்துக்கு வாக்குறுதி என்று பொருள். இங்கே வந்து வருஷக்கணக்கில் இழுத்தடிப்பதற்குப் பெயராகிவிட்டது. எங்கள் தெரு டெய்லர் வாங்கும் வாய்தாவைப் பற்றித் தனிப் பதிவே போடலாம்.

டெட்லைன் என்று சொல்லாதீர்கள் என்று யாரையும் கேட்கவில்லை. நானே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்கிறேன். கதையை எடுத்தால் முழுசாக எடுங்கள் என்பதுதான் என் வழக்கு. கோடு போட்டவர் கோட்டுக்குள் இருந்தாரா, உள்ளே இருந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்ததா என்பதும் அதே கதைதான். மூன்று பேர் வேலையை ஒருத்தர் தலையில் கட்டிவிட்டு, 'வெள்ளிக்கிழமை டெட்லைன்' என்று மெயில் போடுகிறவர்களுக்குத்தான் அந்த ஸ்லைடை முதலில் போட்டுக் காட்டியிருக்க வேண்டும்.

ட்ரெய்னிங் முடிந்ததும் இதைக் கேட்கத்தான் கையைத் தூக்கினேன். "கேள்வியெல்லாம் மெயில்ல அனுப்புங்க, லஞ்சுக்கு லேட்டாச்சு" என்று சொல்லிவிட்டார்.