பருவுக்குத் தேசிக்காய்ப்புளியா? வேண்டாம்

தயவுசெய்து பிள்ளைகளின் முகத்தில் தேசிக்காய்ப்புளி பூசச் சொல்லாதீர்கள். கிளிநொச்சியோ மாங்குளமோ, வீட்டில் ஒரு பிள்ளைக்குப் பரு வந்தால் போதும், அம்மம்மா ஒரு வைத்தியம், பக்கத்து வீட்டு அன்ரி ஒரு வைத்தியம், யூடியூப் ஒரு வைத்தியம். வேப்பிலை, மஞ்சள், தேன், கற்றாழை, கடைசியில் பற்பசை. கேட்டால் "எனக்கு ஒரு கிழமையில் மாறினது" என்பார்கள். சரி, மாறியிருக்கும். சின்னப் பரு ஒன்றும் பூசாவிட்டாலும் ஒன்றிரண்டு கிழமையில் தானாக வற்றிவிடும், பெயர் மட்டும் மஞ்சளுக்குப் போகும்.

பரு அழுக்கால் வருவதில்லை. தோலில் சுரக்கிற எண்ணெயும் செத்த தோலும் சேர்ந்து மயிர்த்துளையை அடைக்க, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. மேலே அரைத்துப் பூசிய வேப்பிலை அந்த அடைப்பை எடுக்காது. கற்றாழை குளிர்மையாக இருக்கும், ஆசைக்குப் பூசுங்கள், நான் தடுக்கவில்லை. தேங்காய் எண்ணெய் வேண்டாம், அது இன்னும் அடைக்கும். இயற்கைச் சாமான்களில் ஓரளவு ஆதாரம் உள்ளது ரீ ட்ரீ ஒயில் (நாங்கள் குடிக்கிற தேயிலை இல்லை, வேறு மரம்). 1990இல் அவுஸ்திரேலியாவில் 124 பேரிடம் அதைப் பென்சோயில் பெரொக்சைட்டோடு (பருவுக்குப் பூசுகிற பாமசி மருந்து) ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பருவைக் குறைத்தது, ஆனால் மெதுவாக.

எனக்குக் கோபம் தேசிக்காயில்தான். தோலின் பிஎச் அளவு (இது குறையக் குறையப் புளிப்புக் கூட) 5க்குக் கிட்ட, தேசிக்காய்ப்புளியுடையது 2க்குக் கிட்ட, அவ்வளவு புளிப்பு. அதைப் பூசிக்கொண்டு சித்திரை வெயிலில் சைக்கிளில் ரியூசனுக்குப் போனால், புளியில் இருக்கிற சில பொருட்கள் வெயில் பட்டுத் தோலைப் பொசுக்கிவிடும், அந்தக் கறுப்பு மாதக்கணக்கில் போகாது. எங்கள் நிறத் தோலில் பரு போனாலும் அதன் கறுப்பு நிற்கும், அதோடு இதுவும் சேர்ந்தால்? பிறகு கறுப்பைப் போக்கவென்று லேபல் இல்லாத வெள்ளையாக்கும் கிறீம் வாங்குவது. அப்படியான சிலதில் ஸ்டீரொயிட் (டொக்டர் சொல்லாமல் பூசக்கூடாத மருந்து) கலந்திருக்கும், அதுவே பருவைக் கிளப்பும்.

பாமசியில் 2.5 வீத பென்சோயில் பெரொக்சைட் ஜெல் இருக்கிறதா என்று கேளுங்கள். இரவில் மெல்லிசாகப் பூசி 8 முதல் 12 கிழமை பொறுக்க வேண்டும், தலையணை உறை வெளிறும், அது பரவாயில்லை. கட்டியாக நோகிற பரு, குழி விழுகிற பரு என்றால் அரசாங்க ஆஸ்பத்திரித் தோல் கிளினிக்குக்குப் போங்கள், காசு கேட்க மாட்டார்கள். பெடியன்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், "ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன வடிவு" என்று சொல்லியே குழி விழும்வரை விடுகிற வீடுகள் இங்கே நிறைய.