முதலில் ரெகுலேட்டரைக் கழற்றிப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை டைவில் என்ன நடந்தது என்பது இங்கே பெரும்பாலானோருக்குத் தெரியும். முழுக்கதையையும் மறுபடி சொல்லப்போவதில்லை: முக்குளிப்புக்குப் புதிதான ஒரு பெண்ணுக்கு, சிலிண்டர் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேட்டர் வழியாக நீர் வந்தது, அவள் மேலே வந்துவிட்டாள். ஆனால் அன்று இரவு முழுக்கக் குழுவில் ஓடிய பேச்சைப் படித்த பிறகு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. "பயந்துவிட்டாள்." "வாயை இறுக்கி மூடத் தெரியவில்லை." "இப்படிப்பட்டவர்களை 18 மீட்டருக்கு ஏன் அழைத்துப் போகிறீர்கள்?" இத்தனை பேர் பேசினீர்கள். அந்த ரெகுலேட்டரை யாராவது கழற்றிப் பார்த்தீர்களா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பெண் படகில் ஏறியதும் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "மூச்சை இழுக்கும்போது மட்டும் தண்ணீர் வருகிறது." இருமிக்கொண்டே அதை மூன்று பேரிடம் சொன்னாள். பயந்து குழம்பிப்போன ஒருவருடைய பேச்சு இப்படியா இருக்கும்? ஒரு மெக்கானிக்குக்குத் தேவையான தகவல் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

செகண்ட் ஸ்டேஜ், அதாவது ரெகுலேட்டரில் நாம் வாயில் வைக்கும் பகுதி, வேலை செய்யும் முறையை எண்ணிப் பாருங்கள். நாம் மூச்சை இழுக்கும்போது அதன் கூட்டுக்குள் அழுத்தம் சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிடச் சற்றே குறைகிறது. அதனால்தான் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வு உள்வாங்கி லீவரை அழுத்துகிறது, காற்று வருகிறது. கூட்டில் எங்காவது மயிரிழை அளவு திறப்பு இருந்தால், அதே அழுத்தக் குறைவு அந்த வழியாக நீரையும் உள்ளே இழுத்துவிடும். மூச்சை விடும்போது உள்ளே அழுத்தம் கூடிவிடுவதால் நீர் வராது. அவள் சொன்னது அப்படியே இதுதான். இழுக்கும்போது மட்டும்.

அந்தத் திறப்பு இருக்கக்கூடிய இடங்களும் அதிகமில்லை. முதல் சந்தேகம் மவுத்பீஸ். பல்லால் கடிக்கும் மேடைக்கு அருகிலும், கேபிள் டை இறுக்கும் பள்ளத்திலும் சிலிகான் கிழிந்துபோகும். சும்மா பார்த்தால் தெரியாது. விரலால் வளைத்து விரித்தால்தான் கீறல் வாய் திறக்கும். அடுத்தது நாம் விடும் மூச்சு வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு. காளான் வடிவில் இருக்கும் அந்த மெல்லிய சிலிகான் தட்டின் கீழே ஒரு மணல்துகள், ஒரு தலைமுடி, காய்ந்த உப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று சிக்கினால் போதும், ஒவ்வொரு மூச்சோடும் மெல்லிய தூறலாக நீர் வரும். அதன் ஓரம் மடிந்திருந்தாலும் அப்படித்தான். பிறகு டயாஃப்ரம்: கிழிந்திருக்கலாம், தன் இடத்தில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கடைசியாகக் கூட்டில் ஏற்படும் விரிசல். நான்கே இடங்கள். பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை ஒருவரும் செலவிடவில்லை. அவளைப் பற்றிப் பேச மட்டும் ஓர் இரவு முழுவதும் கிடைத்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். நான் புதிதாகக் கற்றுக்கொண்ட காலத்தில் எனக்கும் இதுதான் நடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டையில் உப்புநீர். பயிற்சி கொடுத்தவரிடம் சொன்னபோது, "உதட்டைத் தளர்வாக வைக்கிறாய், மனதை அமைதியாக வைத்துக்கொள்" என்றார். நானும் நம்பினேன். தாடை வலிக்கும்வரை கடித்தேன். என் வாயின் அமைப்பே இதற்குப் பொருந்தாது போலும் என்று நினைத்து, டைவிங்கையே விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு ஒருநாள் ரெகுலேட்டர் சர்வீஸ் செய்யும் ஓர் அண்ணன் அதைக் கையில் வாங்கி, மவுத்பீஸை ஒரு முறை வளைத்தார். கேபிள் டைக்குப் பக்கத்தில் நகநீளத்துக்கு ஒரு கிழிசல். "இதோடு எப்படித் தம்பி கீழே போனாய்?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை என்னைக் கேள்வி கேட்டவர்கள்தான் இருந்தார்கள். கருவியைக் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர்.

சரி, மறுப்புகளுக்கு வருகிறேன்.

"காலையில் அதே செட்டை இன்னொருவர் பயன்படுத்தினார், ஒன்றும் ஆகவில்லையே" என்கிறீர்கள். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தில் கடிக்கிறோம். ஒருவர் கடிக்கும்போது மூடியிருக்கும் கீறல் இன்னொருவருக்குத் திறக்கும். காலையில் சிக்காத மணல் மதியம் சிக்கும். அதோடு அவள் பாறைக்கு அடியில் பார்க்கத் தலைகீழாகக் குனிந்திருந்தாள். அந்த நிலையில் கீழே இருக்க வேண்டிய எக்ஸாஸ்ட் வால்வு மேலே போய்விடும். கூட்டுக்குள் சேர்ந்த நீர் வடிய வழியில்லாமல் வாய்க்கு வரும். உடம்பின் நிலை மாறினால் ரெகுலேட்டரின் நடத்தையும் மாறும் என்பது புதிய செய்தி இல்லை. 1943இல் கூஸ்தோவும் கன்யானும் தாங்கள் உருவாக்கிய அக்வாலங் என்ற முக்குளிப்பு மூச்சுக்கருவியைச் சோதித்த காலத்திலேயே பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம்.

"போன மாதம்தான் சர்வீஸ் முடிந்தது" என்று அழுத்திச் சொல்கிறீர்கள். அப்படியானால் இன்னும் முதலில் திறந்து பார்த்திருக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது டயாஃப்ரம் ஓரம் மடிவதும், மேல்மூடி முழுதாக இறுகாமல் போவதும் அதற்குப் பிறகுதானே நடக்கும்?

"நாலு சொட்டு நீர் வருவதெல்லாம் சகஜம்." உமிழ்நீரும் மூச்சின் ஈரமும் கொஞ்சம் சேரத்தான் செய்யும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காற்றைப் பாய்ச்சி நீரைத் தள்ளும் பர்ஜ் பட்டனை அழுத்தி வெளியேற்றிய பிறகும் அடுத்த மூச்சிலேயே திரும்ப வந்தால் அது சகஜம் இல்லை. உப்புநீரை நுண்துளிகளாக உள்ளிழுத்த முக்குளிப்பாளர்களுக்குச் சில மணி நேரத்தில் இருமல், மூச்சுத்திணறல், நடுக்கம், காய்ச்சல் எல்லாம் வருவதை ஆஸ்திரேலியக் கடற்படை மருத்துவர் கார்ல் எட்மண்ட்ஸ் 1970லேயே எழுதி வைத்துவிட்டார். ஞாயிறு இரவு அவளுக்குக் குளிர்நடுக்கம் வந்தது. அதற்கும் "பயத்தில் வந்தது" என்றுதான் பதில் சொன்னீர்கள்.

"புதியவர்கள் உண்மையிலேயே உதட்டைத் தளர்த்திவிடுவார்கள்" என்பீர்கள். தளர்த்துவார்கள். அதனால் என்ன? கருவியில் குறை இல்லை என்று பார்த்து உறுதிசெய்த பிறகு அதைச் சொல்லுங்கள், நானே உடன் நின்று கற்றுக்கொடுக்கிறேன்.

நீருக்குள் போவதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சிலிண்டரில் மாட்டாமல், அதில் பொருத்தும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மூடியை இறுக்கிவிட்டு, ரெகுலேட்டரை வாயில் வைத்து மெதுவாக இழுங்கள். காற்று வரவே கூடாது, இழுப்பு அப்படியே நிற்க வேண்டும். தொடர்ந்து காற்று வந்தால் எங்கோ வழி இருக்கிறது. நீரும் அதே வழியில்தான் வரும். கடித்தபடி கையால் ரெகுலேட்டரை இருபுறமும் அசைத்தும் இழுத்துப் பாருங்கள், ஒளிந்திருக்கும் கீறல் அப்போதுதான் காட்டிக்கொடுக்கும். அன்று படகில் இதைச் செய்தவர் யார்? செய்யச் சொன்னவர் யார்?

ஒன்று கவனித்தீர்களா? கீழே அவள் செய்தது எல்லாமே சரி. பர்ஜ் செய்தாள், நீர் நிற்கவில்லை. ஆக்டோபஸுக்கு, அதாவது மாற்று ரெகுலேட்டருக்கு, மாறினாள். கூட்டாளிக்குச் சைகை காட்டினாள். மூச்சை அடக்காமல், நிதானமாக, வழியில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தமும் செய்து மேலே வந்தாள். பயந்தவர்கள் ரெகுலேட்டரைத் துப்பிவிட்டு மேல்நோக்கிப் பாய்வார்கள். நுரையீரல் கிழிவது அப்படித்தான். படிப்பில் சொல்லிக்கொடுத்ததை ஒவ்வொன்றாகச் செய்தவளுக்குக் கிடைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. இருபது ஆண்டு அனுபவம் உள்ள ஓர் ஆண் இதே புகாரோடு மேலே வந்திருந்தால், "எந்த செட் அது, கொண்டு வா" என்றுதானே சொல்லியிருப்பீர்கள்? மனதைத் தொட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை அவள் வாயில் நீர் வந்தால் சொல்லமாட்டாள். பெயர் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டு கீழேயே இருப்பாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற புதியவர்களும் அப்படித்தான் இருப்பார்கள். இந்தப் பேச்சால் நீங்கள் உண்டாக்கியிருப்பது அந்த மௌனத்தைத்தான்.

அந்த செட்டைத் தனியே எடுத்து வைத்தீர்களா என்று குழுவில் இரண்டு முறை கேட்டுவிட்டேன். பதில் இல்லை. வரும் சனிக்கிழமை அது இன்னொரு புதியவர் வாய்க்குப் போகப்போகிறது என்றால், அன்று காலை படகு கிளம்பும் முன் நானே வந்து அந்த மவுத்பீஸை வளைத்துப் பார்ப்பேன். தடுக்க நினைப்பவர்கள் இப்போதே இங்கே சொல்லிவிடுங்கள்.