பாட்டியின் பெட்டி இல்லாதவர்களின் ரசனை

கொழும்புத் தமிழர் ஒருவரிடம் சொந்த ஊர் எதுவென்று கேட்பவர்கள், "கொழும்பு" என்ற பதிலை ஒருபோதும் ஏற்றுக்கொள்வதில்லை. "அது சரி, உண்மையான ஊர் எது?" என்ற அடுத்த கேள்வி உடனே வந்துவிடும். அப்பா வழியில் பருத்தித்துறையையோ அம்மா வழியில் மட்டக்களப்பையோ சொன்னால்தான் கேட்டவருக்கு நிம்மதி. நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தையில் வளர்ந்து, கோட்டையில் வேலை பார்ப்பவள். என் ஊர் கொழும்புதான். நான் உடுத்தும் விதத்திலும் ஆசைப்பட்டுச் சேர்க்கும் பொருட்களிலும் அந்த ஊர் தெரிய வேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் பரம்பரையாக வந்த பொருள் என்று எதுவும் இல்லை. அம்மம்மாவின் கூறைச் சேலையும் அப்பப்பாவின் சுவர் மணிக்கூடும் 1983 ஜூலை இனக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. பழைய பொருட்களை ரசிப்பது பற்றி வார இதழ்களில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் பாட்டியின் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி சொல்லித்தான் தொடங்குகின்றன. நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். பெட்டியே இல்லாதவர்கள் ஊரின் பெட்டியைத்தான் திறக்க வேண்டும். உள்ளூர் வரலாற்றின் மீது எனக்கு ஏற்பட்ட பற்று அங்கிருந்து வந்ததே தவிர, கல்வெட்டுகளின் மீதுள்ள புலமையால் வந்ததல்ல.

முதலில் உடை. என் அன்றாட உடை பருத்திச் சேலை. அதிலும் அம்பாறைக் கரையோர ஊரான மருதமுனையின் கைத்தறி. வெள்ளவத்தையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கப்பட்ட நூற்பு நெசவு ஆலை இன்றும் இயங்கியிருந்தால் என் ஊர்த் துணியையே உடுத்தியிருப்பேன். அந்த நிலத்தில் இப்போது ஹவ்லொக் சிட்டி அடுக்குமாடிகள் நிற்பதால், அம்பாறைக் கரையோரத்து நெசவாளர்களிடம் அடைக்கலம் புகுந்திருக்கிறேன். சாரத்துக்கு, அதாவது ஆண்கள் இடுப்பில் கட்டும் கைலிக்கு, பேர்போன ஊர் மருதமுனை. சேலையிலும் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் புடவைக் கடைகளில் கைத்தறி என்று சொல்லி விரித்துக் காட்டப்படுவதெல்லாம் கைத்தறி ஆகிவிடாது. சேலையின் கரையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், நெய்யும்போது துணி ஒடுங்காமல் அகலத்தில் இழுத்துப் பிடிக்கும் கோலின் முனைகள் குத்திய சிறு துளைகள் இரு ஓரங்களிலும் தெரிய வேண்டும். விசைத்தறித் துணியிலும் சில வேளை அவை இருக்கும் என்பதால், இழையைப் பெருவிரலால் தடவி, ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் வருகிறதா என்றும் பார்ப்பேன். கடைப் பையன்களுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு.

உடை வெறும் சொந்த விருப்பம், அதில் வரலாற்றுக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது ஒரு தொப்பியின் கதை. எகிப்தில் ஆங்கிலேய ஆதிக்கத்தை எதிர்த்துத் தோற்ற ஒராபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டு, 1901 வரை இங்கேயே வாழ்ந்தார். அவரும் அவருடைய தோழர்களும் அணிந்த சிவப்புத் துருக்கித் தொப்பி இங்குள்ள முஸ்லிம்களிடையே செல்வாக்குப் பெற்றது. 1905இல் அப்துல் காதர் என்ற சட்டத்தரணி அந்தத் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது, பிரதம நீதியரசர் லேயார்ட் அதை ஏற்கவில்லை. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவும் இல்லை. மருதானையில் பெருங்கூட்டம் கூடிக் கண்டித்தது. இறுதியில் தொப்பிக்கு அனுமதி கிடைத்தது. தலையில் இருப்பதை எடுக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்ற கேள்வி இந்த நகரத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுப்பப்பட்டுவிட்டது. இன்றைக்கும் சில அலுவலக வாசல்களில் பெண்களின் உடையைப் பற்றி எழும் சச்சரவுகளைக் கேட்கும்போது, அந்த வழக்கறிஞரின் பெயரை நம் பிள்ளைகள் அறிந்திருக்கக்கூடாதா என்று தோன்றும்.

இதே காலத்தில்தான் கொள்ளுப்பிட்டியில் 1877இல் பிறந்த கலை அறிஞர் ஆனந்த குமாரசுவாமி, 1906இல் இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்து, ஐரோப்பிய உடையையும் பழக்கங்களையும் கண்மூடிப் பின்பற்றுவதைச் சாடினார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு. ஆனால் முழுமையாக உடன்பட முடியவில்லை. கோட்டும் தலைப்பாகையும் சேர்ந்த, அக்காலத் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதனின் தோற்றம் எந்தப் பழைய மரபிலும் அப்படியே இருந்ததல்ல. ஒராபி பாஷாவோடு வந்த தொப்பியும் இந்த மண்ணில் முளைத்ததல்ல. துறைமுக நகரம் ஒன்றில் தூய உடையைத் தேடுவது வீண்வேலை. சேலையோடு நான் அணியும் ஆண்களின் பெரிய கைக்கடிகாரத்தைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினர்களுக்கும் இதுவே என் பதில்.

விருப்பப் பொருட்களில் முதலிடம் ஒரு சதுர ஐந்து சதத்துக்கு. 1909 முதல் வெளிவந்த, மூலைகள் மழுங்கிய அந்த நாணயத்தை இப்போது யாரும் பொருட்படுத்துவதில்லை. ஒரு பக்கத்தில் அரசர் இருக்கிறார். மறுபக்கத்தில் ஆங்கிலத்தோடு சிங்களமும் தமிழும் இருக்கின்றன. பேரரசின் நாணயத்தில் நம் எழுத்து எவ்வளவு சிறிய இடத்தில், எவ்வளவு தெளிவாகப் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதைத் துளைக்காமல் சுற்றிலும் மெல்லிய வெள்ளிச் சட்டம் கட்டிப் பதக்கமாக்கித் தரும்படி செட்டியார் தெருவில் ஒரு பத்தரிடம் கொடுத்தேன். "என்னம்மா, செல்லாக்காசுக்கு வெள்ளிக் கட்டா?" என்று அவர் சிரித்தார். "ஐயா, செல்லுகிற காசு கையில் நிற்பதில்லையே" என்றேன். கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை.

அந்தத் தெருவையும் சொல்ல வேண்டும். நகை வாங்கப் போகிறவர்கள் கதிரேசன் கோவில்களைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இன்னும் சற்று வடக்கே கொச்சிக்கடையில், இராமநாதன் கருங்கல்லால் திருப்பணி செய்வித்த பொன்னம்பலவாணேசர் கோவில் இருக்கிறது. வெயில் கொளுத்தும் நண்பகலிலும் அதன் தூண்கள் குளிர்ந்திருக்கும். கொழும்பில் எனக்கு மிகப் பிடித்த கட்டடம் அதுதான். புகைப்படத்துக்காக எல்லோரும் ஓடும் சிவப்புப் பள்ளிவாசல் அதற்கு அடுத்தபடி.

ஒன்றை மட்டுமே பார்க்க நேரமிருக்கிறது என்பவர்களை நான் தேசிய நூதனசாலைக்கு அனுப்புவேன். 1877 ஜனவரி முதலாம் திகதி திறக்கப்பட்ட அந்த வெள்ளை மாளிகையைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைக்கும்படி அவர் வேண்டினார் என்று ஒரு கதை உண்டு. மெய்யோ பொய்யோ, கேட்க இனிமையானது. உள்ளே, சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ காலத்து மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல் 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கைத் தெவிநுவரையின் தெய்வமான தெனவரை நாயனாரையும் போற்றுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. கல்லின் தலைப்பில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சீன டிராகன்களுக்குக் கீழே தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது, "உண்மையான ஊர் எது?" என்று கேட்பவர்களின் நினைவு வந்து எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

பழமைக்கு இப்போது நல்ல சந்தை. 2011இல் கடைகளும் உணவகங்களுமாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்ட பழைய ஒல்லாந்தர் மருத்துவமனையை நான் குறை சொல்லவில்லை. பாழடைந்து கிடப்பதைவிட அங்கே சனம் நடமாடுவது மேல். சுவரில் வேண்டுமென்றே விரிசல் வரைந்து, யாருடைய குடும்பத்தவர் என்றே தெரியாத பழைய திருமணப் படங்களைச் சட்டமிட்டு மாட்டி, ஒரு கோப்பிக்கு மும்மடங்கு விலை வாங்கும் கடைகளைத்தான் பொறுக்க முடியவில்லை. அந்தப் படங்களில் இருப்பவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கேயோ ஒரு படமும் இல்லாமல் இருக்கிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 1983க்கு முன்பு புறக்கோட்டையிலோ கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ எடுக்கப்பட்ட படங்கள் உங்கள் வீட்டில் தப்பியிருந்தால், ஆடிவேல் விழாவாக இருந்தாலும் கடை திறப்பு விழாவாக இருந்தாலும், முகங்களை மறைத்தாவது இங்கே பகிருங்கள். சேலைக் கரை எவ்வளவு அகலம், கொய்யகம் எப்படி மடிக்கப்பட்டிருக்கிறது, ஆண்கள் வேட்டிக்கு மேல் என்ன அணிந்திருக்கிறார்கள், பின்னால் கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பவற்றைக் குறித்துக்கொள்ள ஒரு கொப்பி வாங்கி வைத்திருக்கிறேன்.