சேர்ந்த கணக்கு இருக்கிறது, முடித்த கணக்கு எங்கே?

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "சீட்டு கொடுத்தாச்சு, ஃபீஸ் கட்டியாச்சு, மாசம் ஆயிரமும் போடுறாங்க. அதுக்கப்புறமும் அரியர் வச்சுட்டுப் பாதியில ஓடினா யார் தப்பு?" எழுதியவர் என் பேட்ச்மேட். எங்கள் கல்லூரி குரூப்பில்தான். கீழே பதினேழு தம்ஸ்-அப். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

யார் தப்பு என்பது இருக்கட்டும். எத்தனை பேர் போனார்கள் என்றாவது தெரியுமா? 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். நாட்டுச் சராசரி 28.4. எனக்கும் அதில் பெருமைதான். என் தாத்தா கைநாட்டு, அப்பா எட்டாவது. ஆனால் அது சேர்ந்தவர்களின் கணக்கு. கல்லூரியில் பெயர் இருப்பவர்கள் எத்தனை பேர், 18 முதல் 23 வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று வகுத்து வருவது. மூன்றாம் செமஸ்டரில் பெட்டியைக் கட்டியவன் ஏன் போனான் என்று அந்த எண் சொல்லாது. சேரும்போது எல்லா ஊரும் எல்லா சாதியும் வகுப்பில் இருக்கிறது. பட்டம் வாங்கும் நாளில் யார் மிச்சம் என்று யாராவது எண்ணினோமா?

2010-ல் முதல் பட்டதாரி சலுகை வந்தது, வீட்டில் முதலாவதாகப் பட்டம் படிக்க வருகிறவர்களுக்கு. அடுத்த வருஷமே கவுன்சலிங்கில் அதை நம்பிச் சேர்ந்தவன் நான். என் ரூம்மேட்டும் அப்படித்தான். பென்னாகரம் பக்கம், தமிழ் மீடியம். எம்-1, அதாவது முதல் செமஸ்டர் கணக்குப் பேப்பர், எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். கணக்கைப் போட்டுவிடுவான், கேள்வியில் இங்கிலீஷில் என்ன கேட்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்பான். சலுகை டியூஷன் ஃபீஸுக்குத்தான். மெஸ் பில், பரீட்சை ஃபீஸ், ஊருக்குப் போகிற பஸ் காசு எல்லாம் அவன் அப்பா பெங்களூரில் சாரத்தில் நின்று சம்பாதித்தது. மூன்றாம் செமஸ்டரில் அவர் சாரத்திலிருந்து விழுந்தார். மெஸ் பாக்கி நின்றது. ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். ஆறு பேப்பர், ஆறும் ஆப்சென்ட், ஆறும் அரியர்.

அந்த ஆறும் அவன் எழுதித் தோற்றதில்லை. எழுதவே விடாதது. இதைத்தான் "அரியர் வச்சுட்டு ஓடுறாங்க" என்கிறீர்கள்.

மார்க் இல்லாதவனுக்கு சீட்டு கொடுத்தால் இப்படித்தான் என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்தார். அவன் பிளஸ் டூ மார்க் என்னைவிட அதிகம். போஸ்ட் போட்டவரைவிடவும் அதிகம். எல்லோரும் அப்படியா, ஊர் சுற்றியவனே இல்லையா என்றால், இருந்தான். ஒத்துக்கொள்கிறேன். அவனுக்கு ஒவ்வொரு அரியருக்கும் வீட்டிலிருந்து பணம் வந்தது, ஐந்தாவது வருஷம் முடித்தான், இன்றைக்கு அந்த குரூப்பில் இருக்கிறான்.

இப்போது காலம் மாறிவிட்டது என்பதும் உண்மைதான். 2021-ல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. கல்லூரி சேர்ந்த பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் தரும் திட்டங்களும் வந்தன: பெண்களுக்கு 2022-ல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024-ல் தமிழ்ப் புதல்வன். என் அக்கா மகளுக்கு மாதம் அந்த ஆயிரம் வருகிறது, பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் உதவுகிறது, கைகூப்பி வரவேற்கிறேன். ஆனால் அப்பா விழுந்தால் ஆயிரம் தாங்காது. அந்த மாதம் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, "என்னம்மா ஆச்சு, ஏன் வரல?" என்று கேட்க ஒரு ஆள் வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒருவரும் கேட்கவில்லை. ரூமில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த நானும் சரியாகக் கேட்கவில்லை.

அந்த குரூப் ஃபேர்வெல் அன்றைக்கு ஆரம்பித்தது. கடைசிவரை இருந்தவர்களின் நம்பர் மட்டும்தான் அதில் ஏறியது. பாதியில் போனவன் ஒருவன்கூட அங்கே இல்லை. அவர்கள் இல்லாத இடத்தில் "யார் தப்பு" என்று கேட்கிறீர்கள், பதினேழு பேர் கட்டைவிரல் தூக்குகிறீர்கள்.

நேற்று ராத்திரி என் ரூம்மேட்டுக்கு ஃபோன் போட்டேன். ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றிச் சொல்லவில்லை. மகளை இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறானாம். பேச்சுவாக்கில் சொன்னான்: "மீதி வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் தருவோம்னாங்களே, என் பிளஸ் டூ மார்க் ஷீட்டு, அது இன்னும் அங்கதான்டா கிடக்கு."