வராத லாக்கை யாரு பாக்குறா?

போன மாசம் ஒரு ராத்திரி ரெண்டே முக்கால் மணிக்கு நான் பாத்த ஒரு வரி இன்னும் கண்ணை விட்டுப் போக மாட்டேங்குது. ஒரு லாக் ஃபைலோட, அதாவது சர்வர்ல நடக்குறத எல்லாம் நேரத்தோட எழுதி வைக்கிற ஃபைலோட, கடைசி வரி. அதுல இருந்த தேதிக்கும் அன்னைக்கித் தேதிக்கும் நடுவுல 41 நாள்.

வடபழஞ்சி பக்கம் ஒரு ஆபீஸ்ல உக்காந்து வேற வேற கம்பெனிகளோட சர்வர் லாக் எல்லாத்தையும் ஸ்பிளங்க்ங்கிற சாஃப்ட்வேர்ல சேத்து வச்சுப் பாக்குறதுதான் எங்க டீமோட பொழப்பு. தெரியாதவங்களுக்காக சொல்றேன், ஒவ்வொரு சர்வர்லயும் ஃபார்வர்டர்னு ஒரு சின்ன ஏஜென்ட் ஓடிக்கிட்டே இருக்கும், லாக் ஃபைல்ல புதுசா விழுற வரிய எல்லாம் எடுத்து பொதுவா 9997 போர்ட் வழியா இன்டெக்சருங்கிற மைய சர்வருக்கு அனுப்பிக்கிட்டே இருக்கும், அங்க வந்து சேந்ததைத்தான் நாம தேடுறோம், டேஷ்போர்டு போடுறோம், அலர்ட் வைக்கிறோம். வந்து சேராதது நமக்குத் தெரியவே தெரியாது. இந்த ஒரு விஷயத்தை ஏழு வருசமா இந்த வேலை பாத்தும் நான் முழுசா உணரல, அன்னைக்கி ராத்திரிதான் உணந்தேன்.

கஸ்டமர் கூப்ட்டு, ஒரு சர்வர்ல யாரோ தெரியாத ஆளு லாகின் பண்ண மாதிரி இருக்கு, ரெண்டு மாசத்து லாகின் விவரம் வேணும்னு கேட்டாங்க. ஷிப்ட்ல இருந்த தம்பி தேடுனான். ஒரு வாரம் போட்டான், ஒண்ணும் இல்ல. 30 நாள் போட்டான், ஒண்ணும் இல்ல. "அண்ணே, சர்வர் பேரு தப்பா குடுத்துட்டாங்களாண்ணே"ன்னு கேக்குறான். பேரு சரிதான். 60 நாள் போட்டதும் கிராஃப்ல இடது பக்கம் மட்டும் கொஞ்சம் கம்பிக நிக்குது, அப்புறம் சட்டுனு வெட்டுன மாதிரி காலி. ஏன் நின்னுச்சுன்னு பாக்க ஃபார்வர்டரோட சொந்த லாக்கைத் தேடுனா அது இன்டர்னல் இன்டெக்ஸ்ல இருக்கும், அதுல எதையும் மாத்தலைன்னா 30 நாள்தான் தங்கும், அதுவும் போயிருச்சு. கடைசில அந்த சர்வருக்குள்ளயே லாகின் பண்ணி ஃபார்வர்டர் ஃபோல்டரத் தொறந்து பாத்தா அங்க கெடக்கு, கடைசி வரி, ஷட்டவுன் ஆனேன்னு சொல்லிட்டு அடங்கிப் போயிருக்கு. அன்னைக்கி செக்யூரிட்டி பேட்ச் போட்டு ரீபூட் பண்ணிருக்காங்க. ரீபூட் ஆனா தானா எந்திரிக்கிற மாதிரி ஃபார்வர்டர செட் பண்ணவே இல்ல. இன்ஸ்டால் பண்றப்ப ஒரே ஒரு கமாண்ட், அது விட்டுப் போயிருக்கு.

இதுல எனக்கு வலிச்சது எதுன்னா, 41 நாளும் எங்க டேஷ்போர்டு பச்சையாவே இருந்துச்சு. அந்தப் பேனல் எண்ணுனது எர்ரர் எத்தனைன்னு. லாக்கே வராத சர்வர்ல எர்ரர் எங்கிட்டு இருந்து வரும்? பூஜ்யம். பூஜ்யம்னா பச்சை. ஏஜென்ட் செத்துக் கெடந்த நாள்லதான் அந்த சர்வர் எங்க கணக்குல ரொம்ப ஆரோக்கியமா இருந்திருக்கு.

மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28ல போட்ட உத்தரவுல 180 நாள் லாக்கை நாட்டுக்குள்ளயே வச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துல சொல்லணும்னு இருக்கு. நாங்க 180 நாள் வச்சிருக்கோம்னு ஒவ்வொரு ஆடிட்லயும் மார்தட்டி சொல்லிருக்கோம். ரிட்டென்ஷன் செட்டிங் 180னு இருக்குறது உண்மைதான், ஆனா அந்த சர்வருக்கு நடுவுல 41 நாள் ஓட்டை. அந்த 41 நாள்ல யாரு வந்தா யாரு போனான்னு கஸ்டமருக்கு எங்களால சொல்லவே முடியல. சர்வர்ல இருந்த பழைய ஃபைலும் ரொட்டேட் ஆகி, அதாவது புது ஃபைலுக்கு எடம் விட்டு, அழிஞ்சிருச்சு. அவங்க சார் போன்ல கத்தல, "அப்ப தெரியாதுங்கிறீங்க"ன்னு மட்டும் கேட்டாரு. அவர் வஞ்சிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்னு இருந்துச்சு.

எங்க அப்பாவுக்கு சோழவந்தான் பக்கம் ரெண்டு ஏக்கர் நெல்லு. வெள்ளன எந்திரிச்சு பேப்பர் வந்ததும் மொதல்ல பாக்குறது வைகை அணை எத்தனை அடின்னுதான், அரசியல் எல்லாம் அப்புறம். அணையோட மொத்த உயரம் 71 அடி, 66 அடி தொட்டா மொத எச்சரிக்கை, 68.5ல ரெண்டாவது, 69ல மூணாவதுன்னு கரையோர ஜனத்துக்கு அறிவிப்பு குடுப்பாங்க, இது எங்க ஊர்ல சின்னப் பயலுக்குக்கூட தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்ல. பேப்பர்ல அந்த நீர்மட்டம் கட்டம் போடாம விட்ட அன்னைக்கி அப்பா என்ன பண்ணுவார்னா, நேரா டீக்கடைக்குப் போயி வேற பேப்பர எடுத்துப் பாப்பாரு, அதுலயும் இல்லைன்னா தேனி பக்கம் இருக்க எங்க மாமாவுக்குப் போன் போட்டு "ஏய்யா, அணைல எம்புட்டு நிக்கிது?"ன்னு கேட்டுட்டுத்தான் வயலுக்குப் போவாரு. கட்டம் காலியா இருந்தா தண்ணி சரியா இருக்குன்னு அவரு ஒரு நாளும் நெனச்சது கிடையாது. தினம் வர வேண்டியது இன்னைக்கி வரல, என்னன்னு கேளு, அம்புட்டுதான் அவரு கணக்கு. அந்த பழக்கம் லட்சக்கணக்குல செலவு பண்ணி வச்சிருக்க எங்க சிஸ்டத்துக்கு இல்ல.

இல்லவே இல்லைன்னும் சொல்ல முடியாது. ஸ்பிளங்க்ல மானிட்டரிங் கன்சோல்னு ஒண்ணு இருக்கு, அதுல ஃபார்வர்டர் மானிட்டரிங்க நாமளா போயி ஆன் பண்ணணும். பண்ணிட்டா 15 நிமிஷத்துக்கு ஒருக்க இன்டெக்சருக்கு யாரு யாரு வந்து கனெக்ட் ஆனான்னு பாத்து ஒரு பட்டியல் எழுதும், ஏற்கெனவே வந்துட்டு இப்ப வராதவன மிஸ்ஸிங்னு காட்டும். அந்த மிஸ்ஸிங்குக்கு ஒரு ரெடிமேட் அலர்ட்டும் இருக்கு, அதையும் நாமதான் ஆன் பண்ணணும். பல எடத்துல ஆன் பண்றதே இல்ல, நாங்களும் அந்தக் கஸ்டமருக்குப் பண்ணல, அது எங்க தப்பு.

ஆனா ஆன் பண்ணிட்டா முடிஞ்சிருச்சுன்னு நெனைக்கிறவங்க கிட்ட நான் ஒண்ணு சொல்லணும். அந்தப் பட்டியல் ஒரு மொய் நோட்டு. நம்ம பக்கம் விசேஷம் முடிஞ்ச ராத்திரி மொய் நோட்ட வச்சு உக்காருவாங்கள்ல, அதுல வந்தவன் பேருதான் இருக்கும். யாரு வரலைன்னு தெரியணும்னா பத்திரிகை வச்ச லிஸ்ட் தனியா இருக்கணும், ரெண்டையும் பக்கத்துல வச்சு டிக் அடிக்கணும். கன்சோல் தானா எழுதுற பட்டியல் ஒரு தடவையாவது வந்த ஃபார்வர்டரத்தான் அறியும். புதுசா சர்வர் போட்டு ஏஜென்ட் போட மறந்துட்டா, இல்ல ஃபயர்வால்ல போர்ட் தொறக்காம மொத நாளே மாட்டிக்கிச்சுன்னா, அந்த சர்வர் மிஸ்ஸிங்லயும் வராது எதுலயும் வராது. இன்னொரு பக்கம், எப்பவோ கழட்டி வீசுன சர்வர் எல்லாம் மிஸ்ஸிங்னு அதுலயே நிக்கும், பட்டியல ரீபில்ட் பண்ற வரைக்கும் போகாது. 200 பேரு மிஸ்ஸிங்னு செவப்பா இருந்தா அதுல நெசமா செத்தவன் யாருன்னு எவன் தேடுவான்?

அதனால நாங்க இப்ப தனியா ஒரு லுக்கப் ஃபைல், அதாவது ஸ்பிளங்க் ஒப்பிட்டுப் பாக்குற ஒரு பட்டியல், வச்சிருக்கோம். சர்வர் பேரு, அதுல இருந்து எந்தெந்த லாக் வரணும், எம்புட்டு நேரம் சத்தம் இல்லாம இருக்கலாம், யாரக் கூப்புடணும். இத ஸ்பிளங்க்ல இருந்து எடுக்கக் கூடாது, கஸ்டமரோட அசெட் லிஸ்ட்ல இருந்துதான் எடுக்கணும், அதுக்கு மூணு வாரம் அலைஞ்சோம், ரெண்டு டிபார்ட்மென்ட் ஆளுக ஆளுக்கொரு எக்செல் வச்சிருந்தாங்க. அத ஒண்ணாக்குனதுதான் பெரிய வேலை, அதுக்கப்புறம் எழுதுன சர்ச் பத்து வரி.

எந்தெந்த லாக்னு ஏன் தனியா எழுதுறோம்னா, ஏஜென்ட் உயிரோட இருந்தும் வேலை பாக்காம இருக்கலாம். இதையும் பாத்துட்டோம். ஒரு அப்ளிகேஷன் சர்வர்ல ஃபார்வர்டர் ஜம்முனு கனெக்ட் ஆகி, நேரம் தவறாம தன்னோட மெட்ரிக்ஸ எழுதிக்கிட்டு, கன்சோல்ல ஆக்டிவ்னு இருந்துச்சு. ஆனா அப்ளிகேஷன் லாக் மட்டும் வரல. பழைய லாக் ஃபைல ஒதுக்கிட்டு புதுசு போடுற லாக்ரொட்டேட், புது ஃபைல உருவாக்குறப்ப ரூட் மட்டும் படிக்கிற மாதிரி உருவாக்கிருச்சு, ஃபார்வர்டர் ஓடுறது வேற யூசர்ல. படிக்க பர்மிஷன் இல்லைன்னு அது பாவம் தன் லாக்ல எழுதிக்கிட்டேதான் இருந்துச்சு, அந்த லாக் எங்களுக்கு வந்துக்கிட்டும் இருந்துச்சு, நாங்க யாரும் அதப் பாக்கல. ஏஜென்ட் உயிரோட இருக்கான்னு ஹார்ட்பீட் மட்டும் பாக்குறவங்களுக்கு இது மாட்டவே மாட்டாது. சர்வர் அளவுல பாக்குறதோட நிறுத்தாம ஒவ்வொரு லாக் ஃபைல் வரைக்கும் எறங்கிப் பாத்தாத்தான் தெரியும்.

இன்னொண்ணு வேகம். யுனிவர்சல் ஃபார்வர்டருக்கு (மொதல்ல சொன்ன அந்த சின்ன ஏஜென்ட்தான்) டீஃபால்ட்டா செகண்டுக்கு 256 கேபிதான் அனுப்பலாம்னு ஒரு வரம்பு இருக்கு. நாள் பூரா நிக்காம அனுப்புனாலும் சுமார் 21 ஜிபி. அதுக்கு மேல லாக் எழுதுற சர்வர்ல அது பின்தங்கிக்கிட்டே போகும், லாக் வரும், ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சு வரும், அலர்ட்டும் ரெண்டு மணி நேரம் கழிச்சுத்தான் அடிக்கும். அதே மாதிரி இன்டெக்சர்ல டிஸ்க் நெறஞ்சா ஃபார்வர்டர்ல கியூ அடைச்சிரும், அது படிக்கிறத நிறுத்திட்டு காத்துக் கெடக்கும், அதுக்குள்ள ஃபைல் ரொட்டேட் ஆகி அழிஞ்சுட்டா அந்த வரிக போனது போனதுதான்.

லேட்ட அளக்குறப்ப நாங்க மாட்டுன ஒரு எடத்தையும் சொல்லிர்றேன், வேற யாருக்காவது ஒரு ராத்திரி மிச்சமாகும். ஒரு சர்வர் லாக்ல நேரத்த யுடிசில, அதாவது நம்ம நேரத்துக்கு அஞ்சரை மணி பின்னால இருக்க உலகப் பொது நேரத்துல, எழுதுது, டைம்சோன் போடல, ஸ்பிளங்க் அத நம்ம நேரம்னு எடுத்துக்கிச்சு. ஒவ்வொரு வரியும் அஞ்சரை மணி நேரம் பழசாத் தெரிஞ்சது, சர்வர் செத்துருச்சுன்னு அலர்ட் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. சத்தம் இருக்கா இல்லையான்னு பாக்குறதுக்கு ஈவன்ட் நேரத்தப் பாக்காதீங்க, இன்டெக்ஸ் ஆன நேரத்தப் பாருங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்த தனியா ஒரு பேனல்ல போடுங்க, அது லேட்டையும் காட்டும் டைம்சோன் கோளாறையும் காட்டும்.

அலர்ட்ட படிப்படியா வச்சோம், வைகை அணை எச்சரிக்கை மாதிரியே. லாகின் சம்பந்தப்பட்ட சர்வர் 15 நிமிஷம் அமைதியா இருந்தா ஷிப்ட் ஆளுக்கு, அரை மணி ஆனா எனக்கு, ஒரு மணி ஆனா கஸ்டமர் சாருக்கே போன். ராத்திரி 2 மணிக்கு மட்டும் ஓடுற பேட்ச் ஜாப்க்கு அந்தக் கணக்கு ஆகாது, அத 3 மணிக்கு ஒரே ஒருக்க பாத்தா போதும். எல்லாத்துக்கும் ஒரே 15 நிமிஷம்னு வச்சா நாலே நாள்ல அலர்ட் மெயிலுக்கு ரூல் போட்டு தனி ஃபோல்டர்ல தள்ளிருவாங்க, நானே தள்ளிருக்கேன்.

எனக்குக் கோவம் எங்கன்னா, புது டேஷ்போர்டு போட்டா கைதட்டு, ஏஐல அனாமலி கண்டுபிடிக்கிறோம்னு ஸ்லைடு போட்டா கைதட்டு, ஃபார்வர்டர் எல்லாம் உயிரோட இருக்கான்னு தினம் பாக்குற பயலுக்கு அப்ரைசல்ல எழுத ஒரு வரி கெடையாது. அந்த வேலைய புதுசா சேந்த பிள்ளைக கிட்ட குடுத்துட்டு அவங்க கேள்வி கேட்டா அப்புறம் பாப்போம்னு தள்ளுறோம். எங்க டீம்ல இத மாத்திட்டோம், அந்த லுக்கப் ஃபைலுக்கு ஓனர்னு ஒரு சீனியர் பேரு இருக்கு, அது என் பேரு. பேட்ச் நாள் முடிஞ்சதும் எத்தனை சர்வர் ரீபூட் ஆச்சோ அத்தனையும் திரும்ப லாக் அனுப்புதான்னு பாத்துட்டுத்தான் சேஞ்ச் டிக்கெட்ட மூடணும்னு எழுதி வாங்கிருக்கோம். ரீபூட்டுக்கு அப்புறம் எந்திரிக்கிற கமாண்ட இன்ஸ்டால் ஸ்கிரிப்ட்லயே போட்டாச்சு.

லேப்டாப் விஷயம் மட்டும் இன்னும் தீரல. சர்வர்னா 24 மணி நேரமும் இருக்கணும்னு சொல்லிரலாம், லேப்டாப்ப மூடி வச்சுட்டு சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் லீவுல போறவன் இருக்கான், அவன் லேப்டாப் சும்மா இருக்கா, ஏஜென்ட்ட எவனாவது நிறுத்திட்டானான்னு எப்படிப் பிரிக்கிறது? இப்போதைக்கு விபிஎன் லாக்ல அந்த ஆளு கனெக்ட் ஆகிருக்கான், ஆனா அவன் லேப்டாப்ல இருந்து லாக் வரலைன்னா மட்டும் டிக்கெட் போடுறோம். ஓரளவு ஓடுது, ஆனா ஆபீஸ் உள்ள வந்து வேலை பாக்குறவங்க விபிஎன்ல வர மாட்டாங்க, அவங்களுக்கு ஆபீஸ் நெட்வொர்க்ல யாருக்கு எந்த ஐபி குடுத்துச்சுன்னு இருக்க டிஹெச்சிபி லாக்க வச்சு ட்ரை பண்ணிக்கிட்டு இருக்கோம். ஃபைல்பீட், ஃபுளூயன்ட் பிட் மாதிரி வேற லாக் ஏஜென்ட் வச்சு வேலை பாக்குறவங்களும் இந்த எடத்துல எப்படி பண்றீங்கன்னு சொல்லுங்க, நெசமாவே எனக்கு அது தெரிஞ்சாகணும்.